பெரியவரின் நாக்கு

வைத்த அப்பம் வாயில் இல்லை.

வெயில் இன்னும் மதிலைத் தாண்டவில்லை. கோயில் குளத்தின் மேல்படியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, முதலையின் மேல்தாடையை இடக்கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலக்கையைத் தொண்டைக்குழி வரைக்கும் விட்டுத் துழாவினான் இந்தெப். முந்தின மாலை படகுக்காரர்கள் கொடுத்து அவன் ஊட்டிய தேன் அப்பங்கள் அங்கே இருக்க வேண்டும். ஊற்றிய பாலில் ஊறிப் புளித்துக் கூழாகி, உள்ளே அடைத்திருந்த வைக்கோலில் அப்பிக் கிடக்க வேண்டும். கூட்டம் கலைந்ததும் அதையெல்லாம் வழித்தெடுத்து ஆற்றில் கொட்டுவது, அவனும் அவன் மனைவி தாமித்தும் ஒருவருக்கும் தெரியாமல் செய்துவந்த வேலை. நேற்று அலுப்பில் விட்டுவிட்டார்கள். இப்போது விரலுக்கு அகப்பட்டது வைக்கோல் மட்டும்தான். அதில் தேனின் பிசுபிசுப்புக்கூட இல்லை.

எலி தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கையை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தான். அழுகல், உவர் உப்பு, குங்கிலியம். இவற்றுக்கு அடியில் புதிதாக இன்னொரு வாடை. உறங்கி எழுந்தவன் வாயிலிருந்து வருமே, அந்தச் சூடான எச்சில் வாடை. கையை மணலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

அந்த முதலையை ஊரார் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். ஆற்றை ஆளும் சோபெக் தெய்வம் அதன் உடம்பில் குடியிருப்பதாக நம்பிக்கை. காதில் பொன் வளையம், முன்னங்கால்களில் காப்பு. யார் வந்தாலும் வாயைத் திறந்து கொடுப்பதை வாங்கிக்கொண்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். இந்தெப் அதற்கு ஊட்டுகிறவன். அவன் அப்பனும் அதே முதலைக்கு ஊட்டியவன்தான். குளத்துச் சுவரையே ஒரு பக்கச் சுவராக வைத்துக் கட்டிய மண்வீட்டில் அவனும் தாமித்தும் இருந்தார்கள். படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் முதலை தண்ணீரில் புரளும் ஓசை கேட்கும். அந்த ஓசை இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வந்ததில்லை.

அது செத்தது வெள்ளம் பொய்த்துக்கொண்டிருந்த கோடையில். வெள்ளம் வரப்போவதைச் சொல்லும் விண்மீன் விடியலில் தோன்றிவிட்டது, தண்ணீர் வரவில்லை. ஆறு பச்சைப் பாசி பிடித்து, நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. கரையெல்லாம் வெடித்த சேறும் செத்த மீனும். களஞ்சியத்தின் தரையைச் சுரண்டி அந்த மண்ணில் தானியம் தேடிச் சலித்துக்கொண்டிருந்தார்கள். மேலாற்றில் ஓர் ஊரில் இப்படி ஒரு வறண்ட ஆண்டில்தான் அவர்களுடைய முதலை செத்ததாம். அதற்கு ஊட்டியவனையும் அவன் பெண்டாட்டியையும் ஊரே கூடிச் சேற்றில் போட்டு மிதித்துக் கொன்றதாம். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக மிதித்தார்கள் என்று சொன்ன படகுக்காரன், அதைச் சொல்லும்போது இந்தெப்பின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால்தான் மறைத்தார்கள். யோசனை தாமித்தினுடையது. பெரியவருக்கு மூப்பு வந்துவிட்டது, குளிர்ந்த தண்ணீர் ஆகவில்லை, இனி மேல்படியில் போட்ட கோரைப் பந்தலின் நிழலில்தான் படுத்திருப்பார் என்று பூசாரி நெஹ்ரியிடம் சொல்லச் சொன்னாள். நெஹ்ரி நல்ல மனிதர். உடனே நம்பிவிட்டார்.

வயிற்றைக் கிழித்தபோது வந்த நாற்றம் இன்னும் அவன் மூக்கின் உள்தோலில் ஒட்டியிருந்தது. ஊதிப்போன குடல் கையிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. உள்ளே இருந்ததெல்லாம் பச்சையும் கறுப்புமாகக் குழைந்து, தொட்டால் விரலுக்கிடையே பிதுங்கியது. ஈக்கள் அவர்கள் உதட்டிலும் கண்ணோரத்திலும் வந்து உட்கார்ந்தன. கை இரண்டும் முழங்கைவரை நனைந்திருந்ததால் விரட்டவும் வழியில்லை. நாக்குதான் கடைசி. முதலையின் நாக்கு வெளியே நீளாது, கீழ்த்தாடையோடு பரந்து ஒட்டிக் கிடக்கும். முதலில் அழுகுவது அதுதான் என்பதால், தாமித் தாடையைப் பிடித்துக்கொள்ள, அவன் கல் கத்தியால் சுரண்டிச் சுரண்டி அடிவரை எடுத்தான். கொழுகொழுவென்று, மஞ்சள் பூத்து, ஒரு கைக்குழந்தையின் கனம் இருந்தது. எல்லாவற்றையும் சேற்றில் புதைத்தார்கள். உடம்புக்குள் உவர் உப்பைக் கொட்டி, வைக்கோலும் கந்தல் துணியும் திணித்து, பேரீச்சை நாரால் வயிற்றைத் தைத்தார்கள். இரண்டு பேரே தூக்கிப் பந்தலில் கொண்டுபோய் வைத்தார்கள். காலிக் கூடையைத் தூக்குவதுபோல் இருந்தது.

யாரும் சந்தேகப்படவில்லை. பசி முற்ற முற்றக் கூட்டம் அதிகமானது. தங்கள் பிள்ளைகளுக்கு இல்லாத மாவில் அப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். செங்கல் அறுக்கிறவனின் மனைவி மெகெத் நிறைமாத வயிற்றோடு தினமும் வந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அவள் கொண்டுவரும் துண்டு அப்பத்தைப் பிணத்தின் வாயில் போடும்போது இந்தெப்புக்குத் தன்மேலேயே குமட்டும். ஆனாலும் போட்டான்.

இப்போது அந்த அப்பம் வாயில் இல்லை.

வீட்டுக்குள் போனபோது தாமித் அடுப்பில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். நீதான் எடுத்தாயா என்று கேட்டான். பசியில் எடுத்திருந்தாலும் தப்பில்லை என்று சேர்த்துச் சொன்னான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொணத்து வாயில ஊறுனதை வழிச்சுத் தின்னுற நெலமைக்கு நான் இன்னும் வரலய்யா" என்றாள்.

அன்று மாலை கூட்டம் போன பிறகு, வாத்து இறைச்சித் துண்டு ஒன்றைத் தொண்டையில் வைத்து, தாடை இரண்டையும் கயிற்றால் இறுகக் கட்டி, பந்தலின் தட்டியையும் சாத்திவிட்டு வந்தான். காலையில் கயிறு கட்டியபடியே இருந்தது. முடிச்சு அவன் போட்ட முடிச்சுதான். ஆனால் முன்பற்களுக்கிடையில் ஓர் எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது. உருவி எடுத்தான். ஒரு நார் இறைச்சி இல்லை. ஆற்றுக் கூழாங்கல்போல் வழுவழுவென்று, வெதுவெதுப்பாக.

அதை விட்டெறிந்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையிலும் வைக்கோல் வெளியே வந்து கிடந்தது. உதிரியாக அல்ல, உருண்டை உருண்டையாக. மாடு அசைபோட்டுத் துப்பியதுபோல் நசுங்கி, சளிபோன்ற எதிலோ நனைந்து, தூக்கினால் இழை இழையாகத் தொங்கியது. உப்புக்கட்டிகள் நக்கித் தேய்த்த உருண்டைகளாக வந்தன. கந்தல் துணிகள் முறுக்கிப் பிழிந்தாற்போல் வந்தன. அவன் விடியுமுன் எழுந்து, மூச்சை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கூடையில் அள்ளினான். சில நாளில் அதுவும் நின்றுபோயிற்று. உள்ளே அடைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

பெரியவரின் வயிறு மட்டும் ஒட்டிப்போகவில்லை.

ஈக்களும் போய்விட்டன. அழுகல் வாடை நாளுக்கு நாள் குறைந்து, அந்த எச்சில் வாடை மட்டும் பந்தலுக்குள் தேங்கி நின்றது. உச்சி வெயிலில் அது வீட்டுச் சுவரின் மண்ணிலும் ஊறி வந்தது. பாயில் இருந்தது, தண்ணீர்க் குடத்தில் இருந்தது, தாமித்தின் கூந்தலில் இருந்தது. அழுகல் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது அவனுக்கு. அழுகினால் செத்துவிட்டது என்று பொருள்.

தாமித் தானே பார்ப்பதாகச் சொன்னாள். தன் கை மெலிந்தது, உள்ளே ஆழப் போகும் என்றாள். ஆள் வராத வெயில் நேரம். அவன் தாடையைத் தூக்கிப் பிடித்தான், அவள் கன்னத்தை முதலையின் பற்களோடு ஒட்டவைத்துக்கொண்டு தோள்வரை கையை விட்டாள். அவள் முகம் மெல்லத் தளர்ந்தது. வாய் பாதி திறந்துகொண்டது.

"நாக்கு இருக்குய்யா" என்றாள்.

"அறுத்துட்டமே."

"தெரியும். நாந்தான தாடையப் புடிச்சிருந்தேன்."

கையை எடு என்றான். அவள் எடுக்கவில்லை. அவன் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தபோதுதான் கை வந்தது, ஈரமாக, ஒரு சின்னச் சத்தத்தோடு. தோள்வரை சுத்தமாக இருந்தது. அடுப்புக்கரி, நகக்கண்ணில் காய்ந்த மாவு, பல நாள் அழுக்கு எதுவும் இல்லை. தண்ணீரில் வெகுநேரம் ஊறிய கைபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மென்மையாக இருந்தது, கடிக்கவே இல்லை என்றாள்.

எரித்துவிடலாம் என்று முடிவு செய்தான். எரிப்பதற்கு முன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட வேண்டும். தனியாகப் புரட்ட முடியவில்லை. கட்டையைக் கொடுத்து நெம்பித்தான் ஒருக்களிக்க வைத்தான். வயிற்றில் தையலைக் காணோம். நார் போன வழியெல்லாம் புதுத்தோல் மூடியிருந்தது. உதட்டின் உட்புறம்போல் வெளிறி, மெல்லியதாக, பளபளவென்று. அங்கங்கே நாரின் நுனி மட்டும் முடிபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கத்தியின் முனையை அதில் வைத்தான்.

தோல் சிலிர்த்துச் சுருங்கியது.

கத்தியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினான்.

அன்றிலிருந்து தாமித் பந்தலிலேயே உட்கார ஆரம்பித்தாள். கூட்டம் இல்லாத நேரத்திலும் ஊட்டினாள். வீட்டிலிருந்த கடைசி வாத்தும் அங்கேதான் போயிற்று. உரிக்கவில்லை, அறுக்கவும் இல்லை, உயிரோடு கொண்டுபோனாள். ஏன் என்று கேட்டபோது, பசிக்கிற வாய்க்கு ஊட்டுவதுதானே நம் வேலை என்று சாதாரணமாகச் சொன்னாள். அவள் பிசைந்த ரொட்டியை அவனால் வாயில் வைக்க முடியவில்லை. பக்கத்தில் படுக்கவும் முடியவில்லை. உறக்கத்தில் அவள் மூச்சு அந்த வாடையோடு அவன் கழுத்தில் படும்போது, உடம்பு முழுவதும் எதுவோ ஊர்வதுபோல் கூசும். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது புரளும் ஓசை இல்லை. வேறொன்று இருந்தது. மெதுவாக, விடாமல், சேற்றிலிருந்து காலை உருவுவதுபோல். சப்புக்கொட்டுகிற ஓசை.

ஒரு பிற்பகலில் இனித் தாங்காது என்று எழுந்து நெஹ்ரியின் வீட்டுக்குப் போனான். கொன்றாலும் கொல்லட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டான். மெகெத்தின் வீட்டைத் தாண்டும்போது உள்ளே பச்சைக்குழந்தை அழுதது. பிறந்துவிட்டிருக்கிறது. அதைக் கேட்டபோது இன்னும் உறுதி வந்தது. நெஹ்ரி மழித்த தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரப் பத்தி ஒண்ணு சொல்லணும் சாமி" என்றான் இந்தெப்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவன் வாயைத் திறந்தான். அந்த நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து ஓலம்போல் ஒரு சத்தம் எழும்பியது. முதலில் அழுகை என்று நினைத்தார்கள். அழுகை இல்லை. தெருவில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் வந்து ஆறு சிவந்துவிட்டது. மேற்கே வெடித்த சேற்றின்மேல் செந்நீர் நாக்கு நாக்காக ஏறிக்கொண்டிருந்தது, செத்த மீன்களைப் புரட்டிக்கொண்டு, நுரைத்துக்கொண்டு. கிழவர்கள் அதில் விழுந்து புரண்டார்கள். நெஹ்ரி இந்தெப்பை எண்ணெய்க் கையோடு கட்டிக்கொண்டு அழுதார்.

"ஒன் கையால ஊட்டுன ஊட்டுய்யா இது" என்றார். "ஊரே பட்டினி கெடந்தப்ப நீ அவரப் பட்டினி போடல."

என்ன சொல்ல வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

வயல்கள் மூழ்கியதும் விழா வைத்தார்கள். பெரியவரைப் பல்லக்கில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோக ஆட்கள் வந்தார்கள். நான்கு பேர் தூக்கிப் பார்த்து முடியாமல் இன்னும் நான்கு பேரைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. பஞ்சத்தில் பெரியவர் ஒருவர்தான் கொழுத்தார் என்று ஒருவன் கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். பல்லக்கின் தண்டு முனகியது. ஒவ்வோர் அடிக்கும் உள்ளே எதுவோ தளும்பியது. பின்னால் நடந்த இந்தெப்புக்கு மட்டும்தான் அது கேட்டதோ என்னவோ, பறைச்சத்தமும் பாட்டும் அவ்வளவு இருந்தது. உச்சிப்பொழுது. நிழலே இல்லை. தண்ணீரின் பளபளப்பு கண்ணைக் குத்தியது.

கரையில் வைத்த பிறகு நெஹ்ரி கையுயர்த்தி எல்லோரையும் அடக்கினார். இந்த ஆண்டு ஊட்டுகிறவன் மட்டும் ஊட்டினால் போதாது, ஊரைக் காத்தவருக்கு ஊரே தன் கையால் ஊட்ட வேண்டும் என்றார். ஒவ்வொருவரும் தேனில் கையை நனைத்துப் பெரியவரின் வாயில் வைக்கலாம். அவர் உமிழ்நீர் பட்ட கை விளையும் கை. இந்தெப் தாடையைப் பிடித்துக்கொள்வான்.

தாமித் வரிசையை ஒழுங்குசெய்தாள். இடக்கையால். வலக்கையைச் சில நாளாகவே அவள் துணிக்குள் சுருட்டி வைத்திருந்தாள். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

அவன் மேல்தாடையை இரண்டு கையாலும் தூக்கினான். கனத்தது. உள்ளிருந்து சூடான மூச்சு முகத்தில் அடித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

நெஹ்ரிதான் முதல். முழங்கைவரை விட்டார். அவர் முகம் தாமித்தின் முகம் அன்று தளர்ந்ததுபோலவே தளர்ந்தது. வாய் பாதி திறந்துகொண்டது. கையை எடுத்துக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார். சுத்தமான கை. வெளுத்த கை. கூட்டம் ஆர்ப்பரித்தது.

விரல்களில் நகம் இல்லை.

ரத்தமும் இல்லை. நகம் இருந்த இடம் வழுவழுவென்று மூடியிருந்தது. எப்போதுமே அப்படி இருந்ததுபோல். நெஹ்ரி பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

அடுத்தது படகுக்காரன். அடுத்தது குயவன். அடுத்தது செங்கல் அறுக்கிறவன். கையை எடுத்தபோது அவனுக்குச் சுண்டுவிரல் இல்லை. அவனும் சிரித்தான். இடுப்புத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, போய்த் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நின்றான்.

சொல்லலாம். இப்போதும் சொல்லலாம். இந்தெப் வாயைத் திறந்தான். எதிரே ஊர் முழுவதும் இருந்தது. ஆணும் பெண்ணும் குழந்தைகளும். அவர்கள் காலுக்குக் கீழே புதுச்சேறு. ஆழமான, கொழகொழத்த, சிவந்த சேறு.

வாயை மூடிக்கொண்டான்.

வரிசை நகர்ந்தது. தாடைக்கு அடியில் சப்புக்கொட்டும் ஓசை. அவன் உள்ளங்கைகளில் அந்த அதிர்வு. தொண்டையில் புளிப்பு ஏறியது. விழுங்கினான். மறுபடி ஏறியது. மறுபடி விழுங்கினான்.

மெகெத் குழந்தையை ஏந்திக்கொண்டு வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. இவனைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள்.

"எனக்கு வேணாம். என் புள்ளைக்குப் போதும்" என்றாள்.

குழந்தையின் துணியை அவிழ்த்தாள். தாமித் தேன்கிண்ணத்தை நீட்டினாள். மெகெத் தேனைத் தொட்டுக் குழந்தையின் இரண்டு பாதங்களிலும் தடவினாள். பிறகு தொடையில். பிறகு வயிற்றில். கால்பக்கமாக அதை மெல்ல வாய்க்குள் நீட்டினாள்.

குழந்தை அழவில்லை. உள்ளங்காலை எதுவோ நக்கியிருக்க வேண்டும். பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

"சிரிக்குது பாருங்க" என்று மெகெத் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினாள்.

தாடை சரியாமல் இருக்க, இந்தெப் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.